ஸ்லோவேனியாவில் கையில் ஒரே ஒரு நாள்: போஸ்டொய்னா குகையா, ஷ்கோட்சியான் குகையா?

படி ஏற இறங்க முடியுமென்றால் ஷ்கோட்சியான். முட்டிவலிக்காரரோ கைக்குழந்தையோ கூட வந்தால் போஸ்டொய்னா.

கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதும் தரையிலிருந்து எழும் கல்முளையும் பார்க்க போஸ்டொய்னாவே போதும். 24 கி.மீ. குகையில் சுமார் 5 கி.மீ. காட்டுவார்கள். அதில் பெரும்பகுதி திறந்த பெட்டி ரயிலில்தான். நடை ஒன்றரை கி.மீ. உள்ளே 10 டிகிரி. ரயில் ஓடும்போது காற்று முகத்தில் அறையும் என்பதால், ஜூலையிலும் ஜாக்கெட் வேண்டும். சில இடங்களில் கூரை தலையை உரசுகிற மாதிரி வரும், எழுந்து நிற்காதீர்கள்.

ஷ்கோட்சியானின் விசேஷம் ஆறு. நீர் இறங்காத பாறை மேல் ஓடிவரும் ரேகா, சுண்ணாம்புக்கல் தொடங்கியதும் நிலத்துக்குள் புகுந்துவிடுகிறது. மறுபடி வெளியே வருவது இத்தாலியில், திமாவோ என்ற பெயரில். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மென் அமிலமாகி, கல்லின் விரிசல்களைக் கரைத்து அகலமாக்குகிறது. அதனால்தான் குகைக்கு மேலே உள்ள சுண்ணாம்புக்கல் பீடபூமியின் மேல் ஓடைகளே அரிது, பள்ளங்கள்தான். குகையின் முதல் பாதி அமைதியாக இருக்கும். பிறகு இரைச்சல் கேட்கும். செர்க்வெனிக் பாலத்தில் நின்றால் ஆறு 45 மீட்டர் கீழே. 1965 வெள்ளத்தில் குகைக்குள் தண்ணீர் 100 மீட்டருக்கும் மேல் ஏறியிருக்கிறது! 1986 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள இடம்.

வழிகாட்டியோடு போகும் சுற்று சுமார் 3 கி.மீ., 500க்கும் மேற்பட்ட படிகள், இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். படிகள் ஈரம். தேய்ந்த அடிப்பாகமுள்ள ஷூ வழுக்கும், செருப்பு வேண்டவே வேண்டாம். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். எந்தக் குகையிலும் கல்லைத் தொடாதீர்கள்: கைப்பிசுக்கு படிந்த இடத்தில் சுண்ணாம்பு ஒட்டாது, வளர்ச்சி நின்று கறுத்துவிடும்.

பலர் கோட்டை விடுவது போக்குவரத்தில். தலைநகர் லூப்லியானாவிலிருந்து போஸ்டொய்னா ரயிலில் ஒரு மணி நேரம். அதே பாதையில் இன்னும் தள்ளி திவாச்சா. அங்கிருந்து ஷ்கோட்சியான் குகைக்கு 3 கி.மீ. நடைபாதை, நாற்பது நிமிடம். குளிர்காலத்தில் நாளுக்கு இரண்டு மூன்று சுற்றுகள்தான். ஒன்றைத் தவறவிட்டால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், எனவே முதலில் சுற்று நேரத்தைப் பாருங்கள், பிறகு ரயிலை முடிவு செய்யுங்கள். இரண்டு குகையும் ஒரே நாளில் வேண்டுமென்றால், கால் ஓயுமுன் ஷ்கோட்சியானை முடித்துவிட்டு, திரும்பும் வழியில் போஸ்டொய்னாவில் இறங்குங்கள்.