பிள்ளைகளோடு இரண்டு நாள் செட்டிநாடு

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் சென்னையிலிருந்து காரைக்குடிக்கு வருகிறோம். எட்டு வயதிலும் பன்னிரண்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள். முழங்கால் வலியோடு என் அம்மா. கையில் இரண்டே நாள். எல்லோரும் பெரிய வீடுகளைப் பார்க்கத்தான் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு அலுத்துவிடாதா?

பதில்: அலுக்கும். ஒரே நாளில் ஐந்து வீடுகளைக் காட்டச் சொல்கிறவர்களை அழைத்துப்போய் எனக்கே அலுத்திருக்கிறது. மூன்றாவது வீட்டுக்குள் நுழையும்போது எல்லாத் தூண்களும் ஒரே தூணாகிவிடும். ஒரு வீடு பாருங்கள், போதும். அதற்கு முன் அந்த வீட்டின் தரை எப்படிப் பிறந்தது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள்.

ஆகவே முதல் நாள் காலை ஆத்தங்குடி. அன்று தரைக்கல் செய்யும் பட்டறையில் வேலை நடக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கண்ணாடித் துண்டு, அதன்மேல் பூவேலை அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சிமெண்ட் கரைசலை ஊற்றுகிறார்கள். பிறகு அச்சைத் தூக்குகிறார்கள். நிறங்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை! இந்த இடத்தில் எந்தக் குழந்தையும் கைபேசியைக் கீழே வைத்துவிடும். மேலே உலர்ந்த சிமெண்ட்டும் மணலும் தூவி, ஈரக் கலவையால் மூடி, சமன்செய்து ஓரமாக வைப்பார்கள். நாம் நடக்கப்போகும் முகம் அப்போது அடியில் இருக்கிறது. சில நாள் தண்ணீரில் ஊறி, காய்ந்த பிறகு கண்ணாடி தனியே கழன்றுவிடும். சூளையும் இல்லை, மெருகு இயந்திரமும் இல்லை. அந்தப் பளபளப்பு எங்கிருந்து வருகிறது என்று பெரியவனிடம் கேளுங்கள். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லில் பதிந்துவிடுகிறது என்பதைக் கண்டுபிடிக்கிறானா பார்ப்போம்.

அதே ஊரில், கட்டணம் வாங்கிக்கொண்டு பார்க்க விடும் பெரிய வீடு ஒன்று இருக்கிறது. லட்சுமி விலாசம் என்பார்கள். நீங்கள் பார்க்கவேண்டிய அந்த ஒரு வீடு இதுவே ஆகட்டும். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு என்று பட்டியல் ஒப்பிக்க வேண்டாம். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில் நின்று சுற்றியுள்ள அறைகளை எண்ணச் சொல்லுங்கள். இவ்வீடுகளைக் கட்டிய நகரத்தார் (செட்டியார்) வழக்கில் மணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஓர் அறை. அறைகளை எண்ணினால் குடும்பத்தின் கணக்கே கிடைத்துவிடும். சுவரில் கன்னத்தை வைத்துப் பார்க்கட்டும். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய சுவர் நடுப்பகலிலும் குளிர்ச்சியாக இருக்கும். இவ்வீடுகளில் படிகளும் நிலைப்படிகளும் உயரம். அம்மாவுக்கு முடியாவிட்டால் திண்ணையில் உட்காரட்டும். திண்ணை அதற்காகத்தானே இருக்கிறது.

மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள். சாயங்காலப் பலகாரத்தைத் தவறவிடாதீர்கள்: காரச் சட்னியோடு வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கிடைத்தால் கவுனி அரிசி இனிப்பு. பர்மாவுக்குப் போன வணிகர்களோடு வந்த அந்தக் கருப்பரிசியைப் பார்த்துச் சின்னவர் முகம் சுளித்தால், ஒரு கரண்டி மட்டும் ஊட்டிப் பாருங்கள்.

வெயில் தாழ்ந்ததும் கானாடுகாத்தான். 1912இல் கட்டிய அரண்மனையை வெளியிலிருந்து பார்ப்பதாகவே நினைத்துப் போங்கள். மற்றபடி அந்த அகலத் தெருக்களில் நடப்பதுதான் வேலை. பூட்டிய கதவுகளைத் தட்டாதீர்கள். ஒரே வீட்டில் பல பங்காளிகளுக்குப் பங்கு இருக்கும். கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு) என்றால்தான் எல்லோரும் கூடித் திறப்பார்கள்.

இரண்டாம் நாள் விடிந்ததும் பிள்ளையார்பட்டி. மலையைக் குடைந்து செதுக்கிய கற்பக விநாயகரை அம்மா படியேறாமல் தரிசிக்கலாம். குன்றக்குடி அருகில்தான், ஆனால் மலையேற வேண்டும், இம்முறை விட்டுவிடுங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் கோயிலை முதலில் முடிப்பது நல்லது.

பிறகு எங்கே என்பதைப் பிள்ளைகள் தீர்மானிக்கட்டும். ஓடி ஆடுகிறவர்கள் என்றால் காரைக்குடிக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் திருமயம். 1687இல் ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டை. உச்சியில் பீரங்கி இருக்கிறது, பிறகென்ன! பறவை பார்க்கிறவர்கள் என்றால் திருப்பத்தூரைத் தாண்டி வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். டிசம்பர் அதற்கு ஏற்ற மாதம். பறவைகள் மிரளும் என்று அங்குள்ள கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. என்னைக் கேட்டால் கோட்டை. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏறி இறங்க ஏதாவது வேண்டும்.

நேரம் மிஞ்சினால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள். எனாமல் தூக்குச் சட்டி, சாவி கொடுக்கும் கடிகாரம், பழைய பூட்டு என்று தோண்டத் தோண்ட வரும். பழையது என்று சொல்வதெல்லாம் பழையதல்ல, பேரம் பேசுங்கள். கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அம்மாவுக்கு ஒன்று எடுங்கள், முழங்கால் வலியைக் கொஞ்சம் மறப்பார்.

கடைசியாக ஒன்று. ஆத்தங்குடிக் கல்லைப் பார்த்ததும் பத்துப் பன்னிரண்டு வாங்கிப் பெட்டியில் அடுக்கத் தோன்றும். வேண்டாம், கனம் தாங்காது, மூலையும் உடையும். பிள்ளைகள் தேர்ந்தெடுத்த கல்லாக ஒன்றே ஒன்றை வாங்கி, துண்டில் சுற்றித் துணிகளுக்கு நடுவில் வையுங்கள். சென்னைக்குப் போகும் பல்லவன் ரயில் இங்கிருந்து அதிகாலையிலேயே கிளம்பிவிடும் என்பதால் கல்லை முந்தின இரவே கட்டிவைத்துவிடுங்கள்.