தரையைத் துடைக்கிற வீடா, கழுவி விடுகிற வீடா?

தைக்கும் வைகாசிக்கும் நடுவில் எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே ரகம். ‘இன்னும் இரண்டு மாதத்தில் பால் காய்ச்சணும், தரைக்கு என்ன போடலாம்?’ இந்த முறை மரத் தரை கேட்டவர்கள் அதிகம். என் அப்பா இழைப்புளி பிடித்தவர். நானும் வேலூர் தோட்டப்பாளையத்தில் 35 வருஷமாக மரவேலைதான் செய்கிறேன். எனக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: பழைய வீட்டு மாடியில் ஒரு படுக்கையறை, 10-க்கு 12. மொசைக் தரை மங்கிவிட்டது. கணவருக்கு மரத் தரை ஆசை. மாமியார், “இருக்கிறதே போதும்” என்கிறார். லேமினேட் பலகை ஒரு கடையில் சதுர அடி 85 ரூபாய், இன்னொரு கடையில் 120 ரூபாய். எது லாபம்?
– வாசகி, காட்பாடி

பதில்: அம்மா, விலைக்கு அப்புறம் வருவோம். வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டில் தரையைத் துடைப்பீர்களா, கழுவி விடுவீர்களா? இதைக் கேட்காமல் நான் யார் வீட்டிலும் மரத் தரை வேலையை எடுத்ததில்லை.

லேமினேட் முழு மரம் கிடையாது. நடுவில் இருப்பது மர நாரைப் பசையோடு சேர்த்து அழுத்திய எச்.டி.எஃப். பலகை. அதன் மேல் மரம் மாதிரி அச்சடித்த தாள். அந்தத் தாள் தேயாமல் இருக்க அலுமினியம் ஆக்சைடு கலந்த ஒரு மெல்லிய படலம். அடியில் இன்னொரு தாள். மேலே காபி கொட்டினால் உடனே துடைத்துவிடலாம், ஒன்றும் ஆகாது. வாளித் தண்ணீரை ஊற்றித் துடைப்பத்தால் தள்ளினால், பலகைகள் சேரும் சந்து வழியாக உள்ளே இறங்கும். மர நார் தண்ணீர் குடித்து உப்பும். காய்ந்த பிறகும் பழைய நிலைக்கு வராது; ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி தூக்கியபடியே நிற்கும். உங்கள் மாமியார் கழுவி விடுகிற கட்சி என்றால் அவர் சொல்வதே சரி. மொசைக்கை பாலிஷ் போட்டுவிட்டு அந்தப் பணத்தை வேறு எதற்காவது வையுங்கள்.

துடைக்கிற வீடுதான் என்றால் மேலே படியுங்கள்.

மொசைக்கை உடைக்க வேண்டாம். ஆட்டம் இல்லாமல் மட்டமாக இருந்தால் அதன் மேலேயே போடலாம். உடைக்கும் கூலி, மண் அள்ளும் கூலி இரண்டும் மிச்சம். ஆனால் 8 மி.மீ. பலகை, அடியில் 2 மி.மீ. ஃபோம், ஆக 10 மி.மீ. தரை உயரும். கதவு தட்டும். கதவைக் கழற்றி அடியை இழைக்க வேண்டும். அதை யார் செய்வார்கள் என்று கடைக்காரரிடம் முதலிலேயே கேளுங்கள். பலகை போடும் பையன்கள் வேலையை முடித்துவிட்டு, “கதவு எங்க வேலை இல்லை சார்” என்று போய்விடுவார்கள். அப்புறம் என்னைக் கூப்பிடுவீர்கள்.

இப்போது அந்த 85, 120. உங்கள் அறை 120 சதுர அடி. வெட்டுச் சேதாரத்துக்கு 10 சதவீதம் சேர்த்தால் 132. பலகைக்கு மட்டும் 85 என்றால் 11,220 ரூபாய் ஆயிற்று. மற்றவற்றுக்குப் புரிவதற்காக ஒரு விலை வைக்கிறேன், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஃபோமும் பாலித்தீன் ஷீட்டும் சதுர அடிக்கு 15, கூலி 15: இரண்டும் சேர்த்து 3,600. சுவரோரம் அடியில் அடிக்கும் பட்டி, அதாவது ஸ்கர்ட்டிங், கதவு இடம் போக 41 அடி, அடிக்கு 50 வைத்தால் 2,050. வாசலில் தரை ஏறி இறங்கும் இடத்தை மூடும் பட்டிக்கு 500. கூட்டினால் 17,370. சதுர அடிக்கு ஏறக்குறைய 145 ரூபாய். அந்த 120 ரூபாய்க் கடை இதெல்லாம் உட்பட, அறையின் அளவுக்கு மட்டும் பில் போடுகிறது என்றால் 14,400-தான். அதனால் இரண்டு கடையிலும் “சதுர அடி எவ்வளவு?” என்று கேட்காதீர்கள். “10-க்கு 12 அறை, ஸ்கர்ட்டிங், கூலி, ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு, எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். அப்போது சில கடைகளில் முகம் மாறும். அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

தரம் பார்க்க ஒரு வழி. இரண்டு கடையிலும் சாண் நீளத் துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். தடிமனை அளந்து குறித்துக்கொண்டு, இரண்டையும் ராத்திரி ஒரே வாளித் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் மறுபடி அளங்கள். வெட்டிய ஓரம் என்பதால் எதுவுமே கொஞ்சம் உப்பத்தான் செய்யும். எது குறைவாக உப்பியதோ அது நெருக்கமாக அழுத்திய பலகை. ‘வாட்டர் புரூஃப் லேமினேட்’ என்று சொல்லி விற்பவரிடமும் இதே வாளியைக் காட்டுங்கள்.

கேள்வி: கடைக்காரர் ‘ஏசி 4 எடுங்க சார், ஏசி 3 வேண்டாம்’ என்கிறார். எங்கள் வீட்டில் ஏசியே கிடையாது. எதற்குக் கூடுதல் பணம்?
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: தம்பி, சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். அது குளிரூட்டும் ஏசி இல்லை. மேற்பரப்பு எவ்வளவு தேய்மானம் தாங்கும் என்பதற்கான அளவு. உப்புத்தாள் சுற்றிய சக்கரத்தைப் பலகை மேல் சுழலவிட்டு, எத்தனை சுற்றில் அச்சு அழிகிறது என்று பார்த்துப் போடும் எண். ஏசி 1-ம் 2-ம் நடமாட்டம் குறைந்த அறைக்கு. வீட்டுக்கு ஏசி 3 தாராளம். 4-ம் 5-ம் கடை, அலுவலகம் மாதிரி நாள் முழுக்கச் செருப்புக் கால் படும் இடத்துக்கு. படுக்கையறைக்கு 3 போதும். ஹாலில் வாசல் தெருவைப் பார்த்து, தெரு மண் காலோடு உள்ளே வருகிறது என்றால் மட்டும் 4.

இந்த எண்ணுக்கும் பலகையின் தடிமனுக்கும் சம்பந்தம் இல்லை. 12 மி.மீ. பலகையில் ஏசி 3-ம் உண்டு, 8 மி.மீ. பலகையில் ஏசி 4-ம் உண்டு. தண்ணீர் தாங்குமா என்பதையும் அது சொல்லாது. தடிமன் கூடினால் நடக்கும்போது காலுக்குக் கனமாக, நிஜ மரம் மாதிரி இருக்கும், சத்தம் குறையும். அவ்வளவுதான். பணம் கையைக் கடித்தால் 12-ஐ விட்டுவிட்டு நல்ல 8 வாங்குங்கள்.

கேள்வி: தரைத்தளத்தில் புது வீடு. பக்கத்து மனையில் கரையான் புற்று இருக்கிறது. லேமினேட் போடலாமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: நான் போட மாட்டேன். எச்.டி.எஃப். பலகை கரையானுக்கு வாழை இலை போட்ட விருந்து. தரை மூடியிருப்பதால் அடியில் நடப்பது உங்களுக்குத் தெரியாது. ஒருநாள் கால் வைத்தால் பொதுக்கென்று உள்ளே போகும். அன்றைக்குத்தான் தெரியும்.

எஸ்.பி.சி. என்று ஒன்று வருகிறது, கேட்டுப் பாருங்கள். சுண்ணாம்புக் கல் தூளும் பி.வி.சி.யும் கலந்த பலகை. அதுவும் ஒன்றோடொன்று கோத்துப் போடுவதுதான். தண்ணீர் குடிக்காது, கரையான் தின்னாது. ஆனால் ஸ்கர்ட்டிங்கை எம்.டி.எஃப். என்கிற மர நார்ப் பலகையில் அடித்துவிட்டால் அதைத் தின்னும். அங்கிருந்து பீரோவுக்கும் போகும். ஆகவே தரை போடும் முன்பு சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் துளை போட்டுக் கரையான் மருந்து இறக்கிவிடுங்கள். தரை போட்ட பிறகு துளை போட மனசு வராது.

இன்னொன்று. எஸ்.பி.சி.யில் பிளாஸ்டிக் இருக்கிறது. நம் ஊரில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மேற்கு பார்த்த கண்ணாடிக் கதவுக்கு நேர் கீழே போட்டால் பலகை சூடேறி நீளும், கோத்த இடம் விடும். திரை போடுங்கள், இல்லையென்றால் அந்த இடத்துக்கு டைல்ஸ்.

புது கான்கிரீட்டின் ஈரமும் முக்கியம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் ஷீட்டைத் தரையில் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டுங்கள். மறுநாள் பிரித்துப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தாலோ, கான்கிரீட் கறுத்திருந்தாலோ ஈரம் போகவில்லை. காத்திருங்கள். பால் காய்ச்சும் தேதிக்காகத் தரை காயாது.

கேள்வி: தாத்தா காலத்துக் கட்டை மச்சு வீட்டை இடிக்கிறோம். உத்திரமெல்லாம் தேக்கு. அதை அறுத்துத் தரைக்குப் போட முடியுமா? மரக்கடைக்காரர் மொத்தமாக விலை பேசுகிறார்.
– வாசகர், ஆரணி

பதில்: விற்காதீர்கள்! இந்த வாரம் வந்த கடிதங்களில் என்னைப் பெருமூச்சு விட வைத்தது இதுதான். அந்தத் தேக்கு எத்தனையோ வெயிலும் மழையும் பார்த்து முறுக்கி, சுருங்கி, அடங்கிய மரம். இனிமேல் அதிகம் ஆட்டம் காட்டாது. புது மரம் வாங்கினால் இந்த அடக்கத்துக்கு நீங்கள் பணம் கொடுத்தும் காத்திருக்க வேண்டும்.

கணக்கு சுலபம். 120 சதுர அடிக்கு ஒரு அங்குலப் பலகை வேண்டுமானால் 10 கன அடி மரம். பழைய உத்திரத்தில் ஆணி ஓட்டை, வெடிப்பு, சுவருக்குள் இருந்து மக்கிய முனை எல்லாம் கழித்தால் என் அனுபவத்தில் மூன்றில் ஒரு பங்கு போகும். ஆக 15 கன அடி எடுத்து வையுங்கள். மிச்சத்தை விற்றுக்கொள்ளலாம்.

அறுப்புக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு உத்திரத்திலும் காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். உள்ளே ஒடிந்த ஆணி இருந்தால் மில்காரருடைய பிளேடு போகும், அவர் உங்களிடம் சண்டைக்கு வருவார். அறுத்த பலகையை நிழலில், இடையில் ரீப்பர் கட்டை வைத்து அடுக்கி, ஒரு மாதமாவது காற்றாட விடுங்கள். அறுக்கும்போது உள்மரம் வெளியே வருகிறது இல்லையா, அது புது வீட்டுக் காற்றுக்குப் பழக வேண்டும். பிறகு ஒரு ஓரத்தில் காடி என்கிற நீளப் பள்ளம், மறு ஓரத்தில் அதில் நுழையும் நாக்கு எடுத்துக் கோக்க வேண்டியது. இழைத்து முடித்தால் முக்கால் அங்குலம் நிற்கும். லேமினேட்டில் கீறல் ஆழமாக விழுந்தால் பலகையைத்தான் மாற்ற வேண்டும். இதை உங்கள் பேரன் காலத்திலும் இழைத்துப் புதுசாக்கலாம்.

கூலி லேமினேட்டைவிட நிச்சயம் அதிகம், மறைக்கவில்லை. எல்லா அறைக்கும் வேண்டாம். பூஜை அறையும் சமையலறையும் வழக்கம் போல் கல்லாக இருக்கட்டும். ஒரே ஒரு அறைக்குப் போடுங்கள்.

கேள்வி: மே மாதம் போட்ட லேமினேட் தரை, ஐப்பசி மழையில் நடுவில் மேடாகிவிட்டது. ஜன்னல் பக்கம் நடந்தால் ‘டொக் டொக்’ என்று சத்தம். போட்டவர்கள் ‘பலகை கோளாறு’ என்கிறார்கள். கடையில் ‘போட்டவர் கோளாறு’ என்கிறார்கள்.
– வாசகி, ராணிப்பேட்டை

பதில்: என் வீட்டிலும் இதே கதை நடந்தது, அம்மா. ஊருக்கெல்லாம் சொல்கிற நான், 2021 மே மாதம் என் மாடி அறைக்குப் பலகை போட்டேன். பெட்டி வந்த அன்றைக்கே பிரித்தேன். அறைக்குள் 48 மணி நேரம் படுக்கப் போட்டுப் பழக விடவில்லை. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று சுவரோடு ஒட்டிப் போட்டேன். கத்திரி வெயிலில் காய்ந்து சுருங்கியிருந்த பலகை. அந்த நவம்பரில் பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனதே, அந்த மழையில் காற்றின் ஈரத்தைக் குடித்து விரிந்தது. விரிய இடம் இல்லை, நடுவில் ஆமை முதுகு மாதிரி எழும்பிவிட்டது. என் மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

உங்களுக்கும் பெரும்பாலும் இதுதான். ஸ்கர்ட்டிங்கைக் கழற்றிப் பாருங்கள். பலகைக்கும் சுவருக்கும் நடுவில் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி சுற்றிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓரத்தை அறுத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். சில நாளில் மேடு தானாக இறங்கும். என்னுடையது ஒரு வாரத்தில் இறங்கியது. ஸ்கர்ட்டிங்கைச் சுவரில்தான் அடிக்க வேண்டும், பலகையில் அடிக்கக் கூடாது. கதவு ஸ்டாப்பரைத் தரையில் திருகியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஒரே ஒரு திருகு போதும், மொத்தத் தரையையும் நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

‘டொக் டொக்’ வேறு விஷயம். அடித்தரை அங்கே பள்ளம். இரண்டு மீட்டர் மட்டப்பலகை வைத்தால் 3 மி.மீ.க்கு மேல் பள்ளம் தெரியக் கூடாது. பள்ளத்தை நிரப்ப ஃபோமை இரண்டாக மடித்துப் போடுவது சில பேர் வழக்கம். அது தவறு. கால் படும்போதெல்லாம் பலகை அமுங்கி எழுந்து, கோத்த நாக்கு உடையும். அந்த வரிசை வரை கழற்றி, பள்ளத்தைச் சிமென்ட் கலவையில் சரிசெய்து காயவிட்டு மறுபடி கோக்க வேண்டும். இதற்குப் பலகை கம்பெனி பொறுப்பில்லை. போட்டவரைத்தான் கேளுங்கள்.

கேள்வி: தரை போட்டு இரண்டு பெட்டி மீந்துவிட்டது. கடையில் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள். கொடுத்துவிடலாமா?
– வாசகர், வாணியம்பாடி

பதில்: ஒன்றைக் கொடுங்கள், ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நாலு வருஷம் கழித்து ஒரு பலகை மாற்ற வேண்டி வந்தால் அதே டிசைன் கடையில் இருக்காது, இருந்தாலும் நிறம் ஒத்துப் போகாது. மொட்டை மாடி ஷெட்டில் போடாதீர்கள், வளைந்துவிடும். கட்டிலுக்கு அடியில் மட்டமாகக் கிடக்கட்டும். என் வீட்டிலும் ஒரு பெட்டி அப்படித்தான் இருக்கிறது. பேரன் அதன் மேல் கார் ஓட்டுகிறான்.