கடல்நீர்த் தொட்டி: எந்த மீனோடு எந்த மீன்?

இம்முறை வந்த கேள்விகளில் ஏறக்குறையப் பாதி, தொட்டியின் கொள்ளளவைக் குறிப்பிடாமலே எழுதப்பட்டவை. "பெரிய தொட்டி", "நடுத்தரத் தொட்டி" என்பவையெல்லாம் அளவுகள் அல்ல. எத்தனை லிட்டர், எத்தனை அடி நீளம் என்று எழுதாதவர்களுக்குப் பொதுப்படையாகத்தான் பதில் சொல்ல முடிந்திருக்கிறது.

கேள்வி: என்னுடையது 200 லிட்டர் தொட்டி, மூன்றரை அடி நீளம். கழிவை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகும் சுழற்சி முடிந்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியத்தில் நிற்கின்றன. சண்டையிடாமல் சேர்ந்து வாழும் மீன்களைச் சொல்ல முடியுமா?

பதில்: கேட்க வேண்டிய முறையில் கேட்டிருக்கிறீர்கள். இந்த அளவுக்குச் சிறிய மீன்கள் ஐந்து அல்லது ஆறு போதும். ஒசெல்லாரிஸ் கோமாளி மீன் ஓர் இணை, ராயல் கிராமா ஒன்று, மஞ்சள் வாட்ச்மேன் கோபி ஒன்று, பங்காய் கார்டினல் ஒன்று, விரும்பினால் ஒரு ஃபயர்ஃபிஷ். இவை ஒத்துப்போவதற்குச் சாதுவான குணம் மட்டும் காரணம் அன்று. தொட்டிக்குள் இவை உரிமை கொண்டாடும் இடங்கள் வெவ்வேறு. கோபி மணலை விட்டு அதிகம் எழுவதில்லை. கிராமா பாறை இடுக்கின் கூரையையே தரையாகக் கொண்டு தலைகீழாக நீந்தும். கார்டினல் நடுநீரில் அசையாமல் நிற்கும். கோமாளிகள் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அசைந்தாடிக்கொண்டிருக்கும். ஒரே இடத்தைக் கேட்கும் இரண்டு மீன்களை, அதிலும் உருவமும் நிறமும் ஒத்த இரண்டை, ஒன்றாக விடும்போதுதான் பெரும்பாலான சண்டைகள் மூள்கின்றன.

கூச்ச சுபாவமுள்ள ஃபயர்ஃபிஷ்ஷையும் கார்டினலையும் முதலில் விடுங்கள். பிறகு கோபி, பிறகு கிராமா, கடைசியில் கோமாளிகள். ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு மூன்று வாரங்களாவது இருக்கட்டும். கார்டினலைப் பண்ணையில் பிறந்ததாகக் கேட்டு வாங்குங்கள். இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளைச் சேர்ந்த இந்த மீன், அலங்கார மீன் வணிகத்துக்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டதால், 2007இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யூ.சி.என்.) சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்திலுள்ள இனமாகச் சேர்க்கப்பட்டது.

கிராமாவை வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. ராயல் டாட்டிபேக் என்ற மீனும் முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள் என்றே இருக்கும். ஆனால் குணத்தில் அது ரவுடி. டாட்டிபேக்கின் உடலில் இரண்டு நிறங்களும் கோடு கிழித்ததுபோல் பிரிந்து நிற்கும். கிராமாவிலோ ஊதா, புள்ளி புள்ளியாகக் கரைந்து மஞ்சளுக்குள் போகும். முதுகுத் துடுப்பின் முன்பகுதியில் ஒரு கறுப்புப் பொட்டும் இருக்கும். அந்தப் பொட்டைக் கண்ணால் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கோமாளி மீனுக்கு, அது கடலில் குடியிருக்கும் கடல் அனிமோன் (கடல் சாமந்தி) கட்டாயமா?

பதில்: இல்லை. அனிமோனுக்குத்தான் வலுவான விளக்கும், குறைந்தது ஆறு மாதமாவது நிலைபெற்ற தொட்டியும் கட்டாயம்.

கேள்வி: கோமாளி மீன்களில் ஆண் எது, பெண் எது என்று எப்படிக் கண்டுபிடித்து இணையாக வாங்குவது?

பதில்: கண்டுபிடிக்கத் தேவையில்லை. கோமாளி மீன்கள் பெண்ணாகப் பிறப்பதில்லை. கூட்டத்தில் ஆதிக்கம் செலுத்தும் மீனே பின்னர் பெண்ணாக மாறுகிறது. எனவே ஒரே இனத்தைச் சேர்ந்த இளம் மீன்களில் ஒன்று சற்றுப் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கும்படி வாங்கினால் போதும். மீதியை அவையே முடிவு செய்துகொள்ளும். சில நாட்களில் சிறியது பெரியதன் எதிரே பக்கவாட்டில் சாய்ந்து உடலை நடுக்கிக் காட்டும். அதை வலிப்பு என்று எண்ணிப் பதறி எழுதுபவர்கள் உண்டு. அது பணிவு, அதைக் கண்டால் இணை சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். நன்கு வளர்ந்த இரண்டு மீன்களையோ, ஒசெல்லாரிஸையும் மெரூன் கோமாளியையும் சேர்த்தோ விடாதீர்கள்; ஒன்று சாகும்வரை அடித்துக்கொள்ளும்.

கேள்வி: புதிய தொட்டி, தண்ணீர் நிரப்பி இரண்டு நாட்கள் ஆகின்றன. முதலில் நான்கு டாம்சல் மீன்களை விட்டுத் தொட்டியைத் தயார் செய்துவிட்டு, ஒரு மாதம் கழித்து மற்ற மீன்களை வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். எந்த நிற டாம்சலை வாங்கலாம்?

பதில்: எந்த நிறமும் வேண்டாம். எத்தனை முறை எழுதினாலும் இந்த யோசனை சாக மறுக்கிறது. அதனால் டாம்சல்கள்தான் செத்துக்கொண்டிருக்கின்றன.

தொட்டி தயாராவது என்றால், அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பாறையிலும் மணலிலும் வடிகட்டியிலும் குடியேறிப் பெருகுவது. அவற்றுக்கு வேண்டியது அம்மோனியா. அது மீனின் உடலிலிருந்துதான் வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. புட்டியில் விற்கும் அம்மோனியம் குளோரைடு கரைசலில் சில சொட்டுகளோ, அழுக விட்ட ஓர் இறால் துண்டோ அதே வேலையைச் செய்யும். நான்கு முதல் ஆறு வாரங்கள் பொறுத்திருந்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாகி நைட்ரேட் மட்டும் ஏறி நிற்பதைச் சோதனைப் பெட்டியில் பார்த்த பிறகு மீனை விடலாம். இதற்கு மீனின் செவுள்களை ஏன் காவு கொடுக்க வேண்டும்? "டாம்சல் தாங்கும்" என்கிறார்கள். தாங்கும் என்பதற்குச் செவுள் எரிந்தபடி உயிரோடு இருக்கும் என்றுதான் பொருள்.

சரி, இரக்கம் வேண்டாம், கணக்கை மட்டும் பார்ப்போம். பிழைத்த டாம்சல்கள் அந்த ஒரு மாதத்தில் தொட்டி முழுவதையும் தமக்கெனப் பட்டா போட்டுக்கொள்ளும். பிறகு நீங்கள் ஆசையாக வாங்கிவிடும் கிராமாவும் ஃபயர்ஃபிஷ்ஷும் அவற்றின் பார்வையில் அத்துமீறி நுழைந்தவை. துடுப்புகள் கிழியும், புதிய மீன் மூலையில் ஒடுங்கி இரையெடுக்காமல் கிடக்கும், ஒரு வாரத்தில் முடிந்துவிடும். அப்போது டாம்சலைப் பிடித்து வெளியேற்றப் பார்ப்பீர்கள். வலையைக் கண்டதும் பாறை இடுக்கில் புகுந்துகொள்ளும் அந்த மீனைப் பிடிக்க, அரும்பாடுபட்டு அடுக்கிய பாறைகள் அத்தனையையும் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். கடையில் கட்டைவிரல் அளவில் மூன்று வெள்ளைப் பொட்டுகளோடு பளிச்சென்று தெரியும் டாமினோ டாம்சல் 12, 13 செ.மீ. வரை வளரும், வளர வளரப் பொட்டுகள் மங்கும், மூர்க்கம் மட்டும் கூடும்.

டாம்சலே வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மஞ்சள்வால் நீல டாம்சல் போன்ற சில இனங்கள் ஓரளவு சாது. அவற்றில் ஒன்றே ஒன்றை, 200 லிட்டருக்குக் குறையாத தொட்டியில், கடைசி மீனாக விடலாம். சோதனைப் பிராணியாக முதலில் விடுவதைத்தான் கூடாது என்கிறேன். பச்சை குரோமிஸ்ஸும் இதே குடும்பம்தான். மற்ற மீன்களோடு வம்புக்குப் போகாது, ஆனால் சிறிய தொட்டியில் ஆறு விட்டால் தமக்குள் அடித்துக்கொண்டு ஓர் ஆண்டில் ஒன்றிரண்டாகிவிடுவது வழக்கம்.

கேள்வி: அழகாக இருக்கின்றன என்று ஐந்தாறு மீன்கள் வாங்கினேன். பெயர் தெரியவில்லை. ஒன்று இறக்கை விரித்ததுபோல் வரிவரியாக இருக்கிறது. மற்றவை ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. ஏன்?

பதில்: வரிவரியாக இருப்பது அவற்றைத் தின்றுகொண்டிருக்கிறது. நீங்கள் விவரிப்பது சிங்கமீன். தன் வாய்க்குள் அடங்கும் எதையும் அது இரையாகவே பார்க்கும், அந்த வாயோ நீங்கள் நினைப்பதைவிடப் பெரிதாகத் திறக்கும். பெயரே தெரியாத ஓர் உயிரை வீட்டுக்குக் கொண்டுவருவது எனக்கு விளங்காத செயல். வாங்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: பெயர், முழு வளர்ச்சியில் நீளம், இரை. அதன் துடுப்பு முட்களில் நஞ்சு இருக்கிறது, கையை விடும்போது எச்சரிக்கை. குத்திவிட்டால் அந்த இடத்தைத் தாங்கக்கூடிய சூட்டிலுள்ள வெந்நீரில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: 100 லிட்டர் தொட்டியில் நீல டேங் வைக்கலாமா? இப்போது 5 செ.மீ.தான் இருக்கிறது. வளர்ந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றிவிடுவேன்.

பதில்: கூடாது. 30 செ.மீ. வரை வளர்ந்து, நாள் முழுவதும் நீண்ட தூரம் நீந்தும் மீன் அது. ஆறடித் தொட்டி அதற்குத் தொடக்கம். நெருக்கடியில் வைத்தால் வெண்புள்ளி நோய் முதலில் அதைத்தான் பிடிக்கும். "வளர்ந்ததும் மாற்றிவிடுவேன்" என்று எழுதுபவர்கள் பலர், பெரிய தொட்டியை வாங்கிவிட்டதாக மறுபடி எழுதுபவர்கள் மிகச் சிலர். 100 லிட்டரில் ஓர் இணை ஒசெல்லாரிஸும் ஒரு கோபியும் நிம்மதியாக வாழும்.

கேள்வி: மாண்டரின் மீன் யாரோடும் சண்டையிடாது என்கிறார்களே, புதியவர்களுக்கு ஏற்றதுதானே?

பதில்: சண்டையிடாது, பட்டினியில் சாகும். பாறையில் ஊரும் கோப்பிபாடு என்ற நுண்ணிய ஓட்டுடலிகளை நாள் முழுவதும் கொத்திக்கொண்டிருந்தால்தான் அதற்கு வயிறு நிறையும், புதிய தொட்டியில் அவை போதிய அளவு இருப்பதில்லை. ஓராண்டாவது பழகிய, 300 லிட்டர் அளவிலான தொட்டி அமைந்த பிறகு கேளுங்கள்.

கேள்வி: ஃபயர்ஃபிஷ் வாங்கி மூன்று நாளில் மறைந்துவிட்டது. கோமாளி மீன் தின்றிருக்குமா?

பதில்: தொட்டியின் பின்புறத் தரையில் தேடுங்கள். சிறிய அதிர்ச்சிக்கும் துள்ளி வெளியே விழும் மீன் அது. மூடி போடுங்கள் என்று எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. மெல்லிய வலை மூடியே போதும், ஆனால் குழாயும் கம்பியும் நுழையும் மூலைகளையும் அடைத்திருக்க வேண்டும்.

கேள்வி: ஆறுகோடு ராஸ் மீனை முதலில் விட்டேன். இப்போது எதைப் புதிதாக விட்டாலும் விரட்டுகிறது. என்ன செய்வது?

பதில்: கடைசியில் விட வேண்டியதை முதலில் விட்டிருக்கிறீர்கள். புதிய மீனை விடும் நாளில் பாறை அடுக்கை மாற்றி அமையுங்கள். எல்லைகள் குழம்பினால் எல்லாருமே புதியவர்கள் ஆகிவிடுவார்கள். துளையிட்ட ஒளிபுகும் பெட்டியில் புதிய மீனை மூன்று நான்கு நாட்கள் தொட்டிக்குள்ளேயே வைத்து, ராஸ் முட்டி மோதி அலுத்த பிறகு திறந்துவிடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு விடுவதும் உதவும். இத்தனைக்கும் அடங்காவிட்டால் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: மீன் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. புதிய மீனைத் தனியே வைத்துக் கவனிக்கும் தனிமைத் தொட்டி உண்மையிலேயே தேவையா?

பதில்: தேவை. நான்கு வாரத்துக்குக் குறையாமல். வெண்புள்ளி ஒட்டுண்ணி செவுளுக்குள் இருக்கும்போது உடலில் ஒரு புள்ளியும் தெரியாது. அது முதன்மைத் தொட்டிக்குள் புகுந்துவிட்டால், மீன்கள் அனைத்தையும் வெளியேற்றி, இரண்டரை மாதம் தொட்டியை மீனின்றி விட வேண்டும். வெண்புள்ளிக்கான செப்பு மருந்தை முதன்மைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். இறாலும் பவளமும் மடிந்துவிடும். ஒரு சிறிய வெற்றுத் தொட்டியும் ஒரு பஞ்சு வடிகட்டியும் வைத்துக்கொள்வது இதைவிடக் கடினமா?

கேள்வி: கோமாளிகளோடு கடற்குதிரை வைக்கலாமா?

பதில்: கூடாது. கடற்குதிரை மெதுவாக இரையெடுக்கும். அது குறிபார்த்து முடிப்பதற்குள் கோமாளிகள் எல்லாவற்றையும் தின்று தீர்த்திருக்கும்.

கேள்வி: வாட்ச்மேன் கோபியோடு பிஸ்டல் இறாலையும் சேர்த்து விட ஆசை. மற்ற மீன்களுக்கு ஆபத்து உண்டா?

பதில்: டைகர் பிஸ்டல் போன்ற, கோபியோடு கூட்டு வாழும் சிறிய இனங்களால் ஆபத்து குறைவு. பார்வை மிகக் குறைந்த அந்த இறால் வளை தோண்டிக்கொண்டிருக்கும்போது, தன் உணர்கொம்பு ஒன்றை எப்போதும் கோபியின் மேல் வைத்திருக்கும். கோபி வாலைச் சிலிர்த்தால் இரண்டும் உள்ளே மறைந்துவிடும். கடற்குதிரை பற்றிக் கேட்டவரும் இதை ஒரு முறை பார்த்தால் மனம் மாறக்கூடும். அபாயம் பாறையில்தான் இருக்கிறது: மணலின் மேல் அடுக்கிய பாறைக்கு அடியில் இறால் தோண்டிக்கொண்டே போனால் அடுக்கு முழுவதும் சரிந்து கண்ணாடியில் மோதும். எனவே பாறைகளை முதலில் தொட்டியின் அடித்தளத்தில் நேரடியாக அமர்த்தி, அதன் பிறகு சுற்றிலும் மணலைக் கொட்டுங்கள். ஏற்கெனவே மணலின் மேல் அடுக்கிவிட்டீர்களானால், இறாலை வாங்கும் முன் பிரித்து அடுக்குங்கள்.