தாத்தாவின் ஃபால்கனுக்கு வி8 வாங்கலாமா?

கேள்வி: ஐயா, என் தாத்தா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் துரைக்குக் காடி ஓட்டியவர். துரை ஊருக்குத் திரும்பும்போது அவரிடமே விட்டுப்போன 1971ஆம் ஆண்டு ஃபோர்ட் ஃபால்கன் எக்ஸ்ஒய் இப்போது என் கையில் இருக்கிறது. ஆறு சிலிண்டர் 250 இன்ஜின், நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். ஈப்போவில் ஒரு பட்டறையில் எட்டு சிலிண்டர் 351 வி8 இன்ஜின் வைத்திருக்கிறார்கள். பொருத்துகிற கூலியோடு 28,000 வெள்ளி (ரிங்கிட்), 300 குதிரைத்திறன் வரும் என்கிறார்கள். என்னிடம் 40,000 இருக்கிறது. முன்பணம் கட்டலாமா?

பதில்: இப்போதைக்குக் கட்ட வேண்டாம், தம்பி. அந்த 28,000 இன்ஜினோடு நிற்காது. மீதி 12,000ஐயும் விழுங்கிவிட்டு இன்னும் கேட்கும்.

முதலில், அது எந்த 351 என்று கேட்டீர்களா? 351 என்பது கன அங்குலக் கணக்கு, உங்கள் 250உம் அப்படித்தான். ஃபோர்ட் ஒரே அளவில் இரண்டு 351 செய்தது. ஒன்று விண்ட்சர், இன்னொன்று கிளீவ்லேண்ட். இரண்டும் வேறு வேறு இன்ஜின். ஒன்றின் ஹெட்டும் மேனிஃபோல்டும் அடுத்ததற்கு அப்படியே உட்காராது. ஆஸ்திரேலிய எக்ஸ்ஒய்யில் 351 என்று வந்தது கிளீவ்லேண்ட். அமெரிக்காவில் 1974இல் அதை நிறுத்திய பிறகும் ஆஸ்திரேலியாவின் ஜீலோங் ஆலையில் 80களின் தொடக்கம்வரை செய்தார்கள். கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, வால்வு மூடியின் போல்ட்டுகளை எண்ணுங்கள். ஒரு மூடிக்கு ஆறு என்றால் விண்ட்சர், எட்டு என்றால் கிளீவ்லேண்ட். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் வரும் இடத்தையும் பாருங்கள். கிளீவ்லேண்டில் அது ப்ளாக்கிலிருந்தே மேல்நோக்கிக் கிளம்பும். விண்ட்சரில் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து முன்பக்கமாக நீளும்.

இந்த வித்தியாசம் நம் வெயிலுக்கு முக்கியம். கிளீவ்லேண்டுக்கென்று தனி தெர்மோஸ்டாட் உண்டு. அதன் அடியில் ஒரு சின்னத் தொப்பி மாதிரி இருக்கும். இன்ஜின் சூடானதும் அதுதான் பைபாஸ் துளையை மூடித் தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. அளவு ஒன்றுதானே என்று விண்ட்சர் தெர்மோஸ்டாட்டை மாட்டிவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். காலையில் ஒன்றும் தெரியாது. மத்தியானம் ஈப்போ சாலை நெரிசலில் முள் சிவப்பில் நிற்கும். ‘கிளீவ்லேண்ட் என்றாலே சூடுதான்’ என்று சலித்துக்கொள்ளும் சிலர் காடியில் குற்றவாளி ஒரு மலிவான தெர்மோஸ்டாட்டாக இருக்கும்.

300 குதிரைத்திறன் கணக்குக்கு வருவோம். நான்கு வாய் கார்புரேட்டர் வைத்த 351க்கு அன்று ஃபோர்ட் சொன்ன எண் அது. இரண்டு வாய் என்றால் 250 குதிரைத்திறன். இரண்டுமே அந்தக் காலத்து மொத்தக் கணக்கு. ஃபேன், ஆல்டர்னேட்டர், சைலன்சர் எதுவும் இல்லாமல் இன்ஜினை மட்டும் மேடையில் வைத்து அளந்தது. சாலையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. உங்கள் 250 இன்ஜினுக்குச் சொல்லப்பட்ட 155 குதிரைத்திறனும் இதே கணக்குதான். அப்புறம், ஐம்பது வருடம் ஓடிய இன்ஜின் இன்றைக்கு எவ்வளவு தரும் என்பதை எந்தப் பழைய புத்தகமும் சொல்லாது. கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். எட்டு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்துப் பதினைந்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். எண்ணெய் மூடியைத் திறந்து அடியில் விரலை வைத்துத் தடவுங்கள். தே தாரிக் டீயின் நுரை மாதிரி ஒட்டினால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது, கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

சரி, இன்ஜின் நல்லதுதான் என்றே வைத்துக்கொள்வோம். லிந்தாங் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் போயிருப்பீர்கள். வளைவில் நாலு குலை உருண்டு விழும், லாரி சட்டென்று நிற்கும். நாலு டிரம்மை வைத்துக்கொண்டு அங்கே வி8 ஓட்டப் போகிறீர்களா? வேகம் 80இலிருந்து 110 ஆனால் பிரேக் தணிக்க வேண்டிய சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்கு. டிரம் ஒருமுறை பிடிக்கும், இரண்டாவது முறை பிடிக்கும், மூன்றாவது முறை பெடல் மட்டும் கீழே போகும். வேலை முன்சக்கர டிஸ்க்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். அடுத்து ரேடியேட்டர். அதற்கடுத்து பின் டிஃப்பும் (பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) கியர்பாக்ஸும்: ஆறு சிலிண்டருக்குக் கொடுத்தவை வி8இன் முறுக்கை அதிக நாள் தாங்காது. ஃபோர்ட் தன் வேக வகையான ஜிடி வண்டிகளுக்கு ஒன்பது அங்குல டிஃப் போட்டது சும்மா இல்லை. பட்டறை எழுதிக் கொடுத்த 28,000இல் இவற்றில் எது இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் இருக்காது என்றே நினைக்கிறேன்.

இனி காகிதம். காடியின் பதிவு அட்டையில் இன்ஜின் எண் இருக்கிறது. இன்ஜினை மாற்றினால் புஸ்பாகோம் போன்ற வாகனச் சோதனை நிலையத்தின் சோதனையும், சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் அனுமதியும் வேண்டும். வாங்கிய ரசீதும், வெளிநாட்டுச் சாமான் என்றால் சுங்க இலாகாவின் கே1 இறக்குமதிப் பாரமும் (படிவம்) கேட்பார்கள். என் கதையைச் சொல்கிறேன். ஒரு வண்டிக்கு இன்ஜின் வாங்கினேன், பெயர் வேண்டாம், பாதியாக வெட்டிக் கொண்டுவந்த வண்டிகளை விற்கும் ஒரு ஹாஃப்கட் கடையில். எண் பொறித்த இடத்தில் கெட்டியாகக் கறுப்புப் பெயின்ட் இருந்தது. புதுசாகத் தெரியட்டும் என்று அடித்ததாகச் சொன்னார்கள். சோதனைக்கு முதல் நாள் தின்னர் தொட்டுத் துடைத்தபோது கீழே எண்ணே இல்லை, அரத்தால் தேய்த்த கோடுகள்தான் இருந்தன. வண்டி எட்டு மாதம் வீட்டு வாசலில் நின்றது, கோழி அடைகாத்தது. முன்பணம் கொடுக்கும் முன்னால் எண்ணைக் கண்ணால் பாருங்கள், கைப்பேசியில் படம் எடுங்கள், அதே எண் ரசீதிலும் கே1இலும் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ‘பேப்பர் அடுத்த வாரம்’ என்றால் பணமும் அடுத்த வாரம்.

சாலை வரி பலருக்கு மறந்துபோகிற செலவு. தீபகற்ப மலேசியாவில் தனியார் சலூன் காடிக்கு 3,000 சிசிக்கு மேல் போனால் அடிப்படை 2,130 வெள்ளி, அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 4 வெள்ளி 50 காசு. உங்கள் 250 ஏறக்குறைய 4,090 சிசி, முழு வரி 7,000 வெள்ளியைத் தாண்டும். 351 என்பது சுமார் 5,760 சிசி. வரி 14,500 வெள்ளிக்கு மேல், வருடா வருடம். இப்போது பழைய வண்டிச் சலுகையில் கட்டுகிறீர்கள் என்றால், இன்ஜினை மாற்றிய பிறகும் அந்தச் சலுகை உங்கள் காடிக்குத் தொடருமா என்று ஜேபிஜேயிடம் எழுதிக் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முகப்பிடத்தில் வாயால் சொன்னது அடுத்த வருடம் நிற்காது. காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் மாற்றி, நாளை இடித்துக்கொண்டால் இழப்பீட்டில் தகராறு வரும். சந்தை மதிப்புக்குப் பதிலாக ஒப்புக்கொண்ட மதிப்பில் பாலிசி கேளுங்கள்; இப்படிப்பட்ட வண்டிக்கு அதுதான் சரி.

சக்திதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் வி8ஐ விட எனக்குப் பிடித்தது வேறொன்று. 2002 முதல் 2016 வரை ஆஸ்திரேலிய ஃபால்கன்களில் வந்த பாரா இன்ஜின். அதுவும் உங்கள் 250 மாதிரி ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில்தான், 3,984 சிசி. முதலில் வந்த டர்போவே 240 கிலோவாட், அதாவது 320 குதிரைத்திறனுக்கு மேல், அதுவும் எல்லாச் சாமானையும் மாட்டி அளக்கும் இன்றைய நிகரக் கணக்கில். சாலை வரிக் கணக்கைப் போட்டால் 6,558 வெள்ளி, உங்கள் பழைய 250ஐ விடவே குறைவு! ஆனால் வேலை சுலபம் என்று நினைக்காதீர்கள். சம்ப் (எண்ணெய்த் தொட்டி), இன்ஜின் மவுண்ட், டேங்க்கில் புது பெட்ரோல் பம்ப், வயரிங் எல்லாம் செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் அதன் சொந்தச் சாவியை அடையாளம் கண்டால்தான் இன்ஜின் கிளம்பும். அதனால் இன்ஜினைத் தனியாக வாங்காமல் சாவி, கம்ப்யூட்டர், வயரிங், பெடல் வரை முழுசாக வாங்க வேண்டும். 40,000க்குள் அது முடியும் என்று நான் சொல்ல மாட்டேன்.

நானாக இருந்தால் தாத்தா ஓட்டிய 250ஐயே இறக்கிப் பிரித்துச் செய்வேன். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து ஹெட் அது, இன்றைய பெட்ரோலுக்குக் கடினமான வால்வு சீட்டு போட வேண்டும். நல்ல கார்புரேட்டர், எக்ஸ்ட்ராக்டர் (புகையைத் தடையில்லாமல் வெளியேற்றும் குழாய்த் தொகுப்பு), எலெக்ட்ரானிக் இக்னிஷன் சேர்த்தால் வண்டி வேறு ஆளாகும். இன்ஜின் எண் மாறாது, ஜேபிஜே வாசலை மிதிக்க வேண்டாம். மிச்சப் பணத்தில் டிஸ்க், ரேடியேட்டர். இந்த வண்டிக்கு ஆஸ்திரேலியாவில் இன்றும் புது உதிரிகள் வார்க்கிறார்கள். பின்னால் விற்கும் எண்ணம் இருந்தாலும் இதுவே லாபம். 1971இன் ஜிடிஹெச்ஓ ஃபேஸ் 3 வண்டிகள் அங்கே பத்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனதைப் பார்த்துவிட்டுச் சிலர் சாதாரண எக்ஸ்ஒய்யில் 351ஐப் போட்டு ஜிடி பட்டை ஒட்டுகிறார்கள். வாங்க வருகிறவன் பட்டையைப் பார்க்க மாட்டான், குனிந்து சேசிஸ் எண்ணைப் படிப்பான். என்ன செய்தாலும் கழற்றிய 250ஐ மட்டும் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என் மகன், அவன் அப்பா விட்டுப்போன டட்சன் 120ஒய்யில் பெரிய இன்ஜின் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, இதற்குப் பயம் வேண்டாம். அதில் இருக்கும் ஏ12க்கு அதே குடும்பத்தின் ஏ15ஐப் போடச் சொல்லுங்கள். அதிக வெட்டு ஒட்டு இல்லாமல் உட்காரும், 1,488 சிசி. சாலை வரி 55 வெள்ளியிலிருந்து 90 ஆகும், அவ்வளவுதான். ஜேபிஜே காகிதம் இதற்கும் உண்டு. டர்போ என்று ஆரம்பித்தால் மட்டும் வீட்டுச் சாவியை ஒளித்து வையுங்கள்.

கேள்வி: பழைய இன்ஜின் ஒன்றை 6,500 வெள்ளிக்கு வாங்கி அதே பட்டறையில் பொருத்தினேன். ‘30 நாள் உத்தரவாதம்’ என்று ரசீதில் இருக்கிறது. பட்டறையில் ஐந்து வாரம் போட்டுவிட்டுத்தான் பொருத்தினார்கள். வண்டி கையில் வந்து ஒன்பதாம் நாள் நீலப் புகை. உத்தரவாதம் முடிந்துவிட்டது என்கிறார் பட்டறைத் தவுக்கே (முதலாளி).

பதில்: இந்த வித்தை எனக்குப் புதிதல்ல. வண்டி அவர் பட்டறைக்குள் நின்ற நாளை உங்கள் கணக்கில் எழுதுகிறார். ரசீது எப்படி இருந்தாலும், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்திலும், செய்த வேலை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் இருக்க வேண்டும்.

முதலில் வேறொரு பட்டறையில் கம்ப்ரஷன் பார்த்து எழுத்தில் வாங்குங்கள். இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள். பிரித்துவிட்டால் ‘நீங்கள்தான் கெடுத்தீர்கள்’ என்பார். வண்டியை எடுத்த தேதியைக் காட்டும் வாட்ஸ்அப் செய்தியைப் படமெடுத்து வையுங்கள். பிறகு 14 நாள் தவணை கொடுத்து ஒரு கடிதம், பதிவுத் தபாலில்.

அதற்கும் மசியவில்லை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் முதலாம் பாரத்தை நிரப்புங்கள். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, தவுக்கேயும் பொதுவாக வழக்கறிஞரைக் கூட்டி வர முடியாது. கோரும் தொகையில் 6,500ஐ மட்டும் எழுதாதீர்கள். பொருத்திய கூலி, இழுத்து வந்த லாரி வாடகை, சோதனைச் செலவு எல்லாவற்றையும் ரசீதோடு சேருங்கள். அடுத்த முறை இன்ஜின் வாங்கினால் ரசீதில் பேனாவால் எழுதச் சொல்லுங்கள்: ‘உத்தரவாதம் வண்டியை ஒப்படைத்த நாளிலிருந்து.’ பக்கத்தில் கையெழுத்தும் கடை முத்திரையும்.