இ-ரீடர் வாங்கும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மின்னூல் வாசிக்கும் கருவியான இ-ரீடர் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருக்கு மட்டும் பதில் தந்திருக்கிறேன்.

எந்த இ-ரீடர் நல்லது? ஒரே வரியில் சொல்லுங்கள். (வண்ணாரப்பேட்டை)

எதை வாசிக்கப் போகிறீர்கள், அது எந்தக் கோப்பு வடிவில் உங்களிடம் இருக்கிறது என்ற இரண்டையும் எழுதாமல் கேட்டால், ஒரு வரி என்ன, ஒரு பக்கம் எழுதினாலும் பயனில்லை. கீழேயுள்ள கேள்விகளில் உங்களுடையதை ஒத்தது எது என்று பாருங்கள்.

தமிழ் நாவல்கள் மட்டுமே வாசிப்பேன். கிண்டிலா, கோபோவா? (பெரம்பூர்)

நூல்களை விலைக்கு வாங்கி வாசிப்பவராயின் அமேசானின் கிண்டில். 2016 இறுதியில் அமேசான் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் மின்னூல் விற்கத் தொடங்கியதிலிருந்து, தமிழ்ப் பதிப்பகங்களும் தாமே பதிப்பித்துக்கொள்ளும் எழுத்தாளர்களும் அங்கேதான் திரண்டிருக்கிறார்கள். ஆனால் வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி, கேபிள் வழியாக ஏற்றிக்கொள்ளும் வசதியை அந்நிறுவனம் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. நீங்கள் காசு கொடுத்துப் பெறுவது வாசிக்கும் உரிமம் மட்டுமே என்பது தெரிந்தே வாங்குங்கள்.

மதுரைத் திட்டம், ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் போன்ற தளங்களிலிருந்து இலவச நூல்களை இறக்கி வாசிப்பவருக்கு அதன் போட்டிக் கருவியான கோபோவும் பொருந்தும். அதில் ஈபப் (மின்னூலுக்கான பொதுவான வடிவம்) கோப்பைக் கேபிள் வழியாக ஏற்றியவுடன் திறக்கலாம்; கிண்டிலில் அதை 'சென்ட் டு கிண்டில்' என்ற அமேசான் சேவை வழியாக அனுப்பவோ, காலிபர் மென்பொருளில் மாற்றவோ வேண்டும். கோபோவை இறக்குமதியாளரிடம் வாங்குவதானால், பழுதானால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

எந்தக் கருவியானாலும், பணம் கொடுக்கும் முன் ஒரு தமிழ்க் கோப்பைத் திறந்து பாருங்கள். தமிழ் எழுத்துரு ஏற்றியிருந்தால் மட்டும் போதாது. எழுத்துகளைக் கோக்கும் மென்பொருளும் தமிழ் அறிந்ததாக இருக்க வேண்டும். இல்லையேல் 'கொக்கு' என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இடையில் புள்ளிகளாலான ஒரு வட்டமும் முளைக்கும்.

16 ஜிபி போதுமா, 32 வேண்டுமா? (புரசைவாக்கம்)

போதும். ஒரு நாவல் பெரும்பாலும் ஓரிரு எம்பிதான்.

என்னிடம் முந்நூறு பழைய தமிழ் நூல்கள் பிடிஎஃப் ஆக உள்ளன. மலிவான ஆறு அங்குல கிண்டில் வாங்கலாமா? (கொளத்தூர்)

வாங்கக் கூடாது. இதை நான் எழுதாத மாதமே இல்லை. எழுதியும், வாங்கிவிட்டு வந்து எழுத்து தெரியவில்லை என்று கருவியைக் குறை சொல்கிறவர்கள் குறைந்தபாடில்லை.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பிற இடங்களிலும் கிடைக்கும் பழைய நூல்கள் பெரும்பாலும் ஸ்கேன் செய்யப்பட்டவை. அதாவது, ஒவ்வொரு பக்கமும் ஒரு புகைப்படம். படத்திலுள்ள எழுத்தைத் தனியே பெரிதாக்க முடியாது, வரிகளும் திரைக்கேற்ப மடங்காது. டெம்மி அளவு நூலின் பக்கம் ஏறத்தாழ 14 செ.மீ. அகலமும் 21 செ.மீ. உயரமும் உடையது. ஆறு அங்குலத் திரையோ 9 செ.மீ. அகலமும் 12 செ.மீ. உயரமும்தான். பக்கம் முழுவதையும் அதில் அடக்கினால், 11 புள்ளி (பாயின்ட்) அளவில் அச்சான எழுத்து ஆறு புள்ளிக்கு வந்துவிடும்; மங்கிய பழைய அச்சில் ணகரத்தையும் னகரத்தையும் பிரித்தறியக் கண்ணைக் கசக்க வேண்டியிருக்கும்.

ஏழு அங்குலக் கருவியில் திரையைப் படுக்கவைத்தால் அகலம் சுமார் 14 செ.மீ. கிடைக்கும், எழுத்து கிட்டத்தட்ட அசல் அளவில் தெரியும், ஆனால் ஒரு பக்கத்தை இரண்டு முறையாக நகர்த்திப் படிக்க வேண்டும். அந்தப் பொறுமை உள்ளவர்களுக்கு அது போதும். மற்றவர்களுக்குப் பத்து அங்குலமே வழி. பூக்ஸ் (Boox) போன்ற ஆண்ட்ராய்டு கருவிகளில் ஓரங்களை வெட்டிக் காட்டும் வசதியும் நன்றாக இருக்கிறது. விலை ஆறு அங்குலத்தைவிட மிகவும் கூடும். முந்நூறு நூல்களையும் உண்மையிலேயே வாசிக்கப் போகிறீர்களா என்பதை முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். சேர்த்து வைப்பதற்குக் கணினியே போதும்.

பிடிஎஃப் கோப்பைக் காலிபரில் ஈபப் ஆக மாற்றிவிடலாமே என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். ஸ்கேனில் எழுத்தே இல்லை, மாற்றவும் ஒன்றுமில்லை. கணினியில் தட்டச்சு செய்த பிடிஎஃப் ஆயினும், யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீடு பரவுவதற்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் அமைந்திருந்தால், மாற்றிய பின் கிடைப்பது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். ஒரு வரியை நகலெடுத்து வேறொரு கோப்பில் ஒட்டிப் பாருங்கள்; தமிழாக வந்தால் மாற்றிப் பார்க்கலாம், இல்லையேல் அத்துடன் விடுங்கள்.

எண்ணூரில் கடலோரத்தில் வீடு. நீர்புகாக் கருவி அவசியமா? (எண்ணூர்)

கிண்டிலின் உயர்ந்த மாடலான பேப்பர்ஒயிட்டுக்குள்ள ஐபிஎக்ஸ்8 என்ற நீர்புகாத் தரம், நன்னீரில் இரண்டு மீட்டர் ஆழத்தில் ஒரு மணி நேரம் தாங்கும் என்பதற்கானது. உப்புக்காற்றுக்கு அது உத்தரவாதமாகாது. மூடிய உறையில் வையுங்கள். ஈரமான துளையில் சார்ஜர் செருகாதீர்கள்.

பர்மா பஜாரில் பழைய கிண்டில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. எடுக்கலாமா? (ராயபுரம்)

கடைக்காரர் எதிரிலேயே வைஃபையில் இணைத்து, உங்கள் கணக்கில் பதிவு செய்து காட்டச் சொல்லுங்கள். தொலைந்ததாகப் புகார் செய்யப்பட்ட கருவி புதுக் கணக்கை ஏற்காமல் போகலாம். திரையையும் முழு வெள்ளையில் ஒருமுறை, முழு எழுத்தில் ஒருமுறை பாருங்கள். அழுத்தம் பட்ட இ-இங்க் (மின்மை) திரையில் நகராத கோடு ஒன்று நிற்கும், அதற்கு மருந்தில்லை. 2019 மாடல் சாதாரண கிண்டில் என்றால் வேண்டாம்; அதன் திரை அங்குலத்துக்கு 167 புள்ளிதான், 2022 மாடல் முதல் வந்தவை 300. நுண்ணிய சுழிகள் கொண்ட தமிழுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். இங்கும் அதே எச்சரிக்கை: தமிழ்க் கோப்பைத் திறந்து பார்த்த பிறகே பணம்.

திருவொற்றியூரிலிருந்து மின்சார ரயிலில் போகும்போதும் இரவில் படுக்கையிலும் வாசிப்பேன். சாதாரண கிண்டிலா, பேப்பர்ஒயிட்டா? (திருவொற்றியூர்)

தேவையானதை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. ஜன்னலோர வெயிலில் இரண்டும் ஒன்றே. இ-இங்க் திரை வெளிச்சத்தைப் பிரதிபலித்துத்தான் காட்டும், ஆகவே வெயில் கூடக்கூடத் தெளிவும் கூடும். நின்றுகொண்டே ஒரு கையில் பிடிக்க, 160 கிராம் எடையுள்ள சாதாரணக் கருவி சுகம். பேப்பர்ஒயிட் 200 கிராமைத் தாண்டும். இரவுக்கோ, விளக்கொளியை மஞ்சளாக்கும் வசதி பேப்பர்ஒயிட்டில் மட்டுமே. படுக்கை வாசிப்பு அதிகமென்றால் கூடுதல் விலை தகும்.

ஆறு வாரம் சார்ஜ் நிற்கும் என்றார்கள். பத்தே நாளில் தீர்ந்துவிடுகிறது. ஏமாற்றா? (வியாசர்பாடி)

விளம்பரத்தின் அடியிலுள்ள சிறிய எழுத்தை நீங்கள் வாசிக்கவில்லை. நாளுக்கு அரை மணி நேரம், வைஃபை அணைத்து, விளக்கை மிதமாக வைத்து வாசித்தால் என்ற கணக்கு அது. தினம் இரண்டு மணி நேரம் வாசித்தால் பத்து நாள் என்பது நியாயமான கணக்கே.

பிள்ளைகளின் படக்கதைகளுக்கு வண்ண இ-ரீடர் எப்படி? (மணலி)

வண்ணம் செய்தித்தாள் அச்சைப் போல மங்கலாகவே இருக்கும். வண்ண வடிகட்டி திரையின் மேல் அமர்வதால் கறுப்பு வெள்ளைப் பக்கமும் சற்று இருண்டு தெரியும்; வண்ணத்தின் நுணுக்கமும் 300இல் பாதியாக, 150 புள்ளிக்குக் குறையும். பிள்ளைகளுக்கு அச்சுப் புத்தகமே வாங்கிக் கொடுங்கள்.