போர்டை மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

கேள்வி: மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மூன்று வருடமான டச் ஸ்கிரீன் பில்லிங் மெஷின், அடாப்டர் பின் லேசாக அசைந்தாலே அணைந்துவிடுகிறது. போர்டையே மாற்ற வேண்டும், 14,000 ரூபாய் ஆகும் என்கிறார் சர்வீஸ்காரர். மாற்றுவதா, புதிது வாங்குவதா? நானே திறந்து பார்க்கலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். பின் அசைந்தால் அணைகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. முதலில் வேறொரு அடாப்டரைப் போட்டுப் பாருங்கள். லேபிளில் வோல்ட்டும், பிளஸ் மைனஸ் படமும் அப்படியே ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை. அதிலும் அணைந்தால், பின் சொருகும் சாக்கெட்டின் கால்களைப் போர்டில் பற்றவைத்த ஈயம் பெரும்பாலும் விரிசல் விட்டிருக்கும். சால்டரிங் தெரிந்த செல்போன் கடைக்காரரே சரிசெய்யும் வேலை அது.

இது உங்கள் தவறு இல்லை, மெஷினை வடிவமைத்த விதம் அப்படி. தினமும் ஆட்டப்படும் சாக்கெட்டை மெயின் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். தனிச் சின்ன போர்டில் வைத்து ஒயரால் இணைத்திருந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம்.

சில சர்வீஸ்காரர்கள் பழைய போர்டை எடுத்துப் போய், அதே ஈயத்தை வைத்து ஒட்டி, அடுத்த கடையில் புதிது என்று மாட்டுகிறார்கள். நான் பலமுறை பார்த்துவிட்டேன். வேறு வழியில்லாமல் மாற்றினாலும் பழைய போர்டைக் கையோடு கேட்டு வாங்குங்கள். ஆண்டுச் சர்வீஸ் ஒப்பந்தம் என்று நீட்டினால், பாகங்களும் அதில் அடக்கமா என்று எழுதி வாங்குங்கள். வாங்கிய பொருளைப் பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் இணையதளம் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் ஒரு சாக்கெட் கேட்டால் "தனியாக வராது சார்" என்ற பதிலே இன்னும் டீலரிடமிருந்து வருகிறது. சின்னக் கடைக்காரர் எத்தனை நாள் பில் போடாமல் காத்திருக்க முடியும்?

பின்னால் புதிது வாங்கினால், பணம் கொடுக்கும் முன் டீலரையே திறந்து காட்டச் சொல்லுங்கள். சாதாரண ஸ்டார் ஸ்க்ரூவாக இருக்கட்டும். அது பிளாஸ்டிக்கில் நேரே இறங்காமல், உள்ளே பதித்த பித்தளை மரையில் இறங்க வேண்டும். பிளாஸ்டிக் என்றால் நாலைந்து முறை கழற்றியதும் பிடிப்பு போய்விடும். பேட்டரி பசை போட்டு ஒட்டாமல் கனெக்டரில் இருக்க வேண்டும். திறக்கத் தயங்கினால் அந்த டீலர் வேண்டாம்.

நீங்களே திறப்பது? அடாப்டர் வெளியே இருக்கும் மெஷின் என்றால், அதைப் பிடுங்கிவிட்டுத் தாராளமாகத் திறக்கலாம். கரண்ட் ஒயர் நேராக உள்ளே போகும் மாடலைத் தொடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பேட்டரி உப்பியிருந்தால் அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள்.

கார்டு தேய்க்கும் மெஷின் கதையே வேறு. நான் மேலே சொன்ன எதுவும் அதற்குப் பொருந்தாது. வேண்டுமென்றேதான் அதைத் திறக்க முடியாதபடி செய்கிறார்கள். மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கும் சுவிட்ச் உணர்ந்து, கார்டு விவரத்தைப் பூட்டி அனுப்பப் பயன்படும் ரகசியச் சாவி எண்களை அழித்துவிடும். பிறகு வங்கித் தரப்பு மீண்டும் ஏற்றினால்தான் வேலை செய்யும். ஸ்க்ரூ கண்ணில் பட்டாலும் கழற்றாதீர்கள், செல்போன் கடையிலும் கொடுக்காதீர்கள். "பேங்கில் இருந்து வர்றோம், மெஷின் மாற்றணும்" என்று யாராவது வந்தால், வங்கிக்குப் போன் போட்டுக் கேட்காமல் கையில் கொடுக்காதீர்கள். பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரை இன்றைக்கே கணக்கு நோட்டில் எழுதி வையுங்கள். மெஷினை யாராவது மாற்றி வைத்துவிட்டுப் போனாலும் அதைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம்.