எலைசா கொண்டுவந்த ஒரு ஷில்லிங்

கேள்வி: கோவையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். ஜவுளிக்கடையில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்குப் பாதிக் கட்டணத்தில் ஆறு மாதம் தனியாகச் சொல்லிக்கொடுத்தேன். இன்று அவர் ஒரு பெரிய ஹோட்டலில் வரவேற்பாளர். அவருடைய முதல் நாள் பேச்சையும் கடைசி நாள் பேச்சையும் சேர்த்து, வகுப்பு விளம்பரமாக ஒரு வீடியோ போட்டேன். அதை எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டார்; இப்போது என் போனையே எடுப்பதில்லை. என் மனைவி 'மை ஃபேர் லேடி' படத்தைப் போட்டுக் காட்டி, "அந்த ஹிக்கின்ஸ் நீங்கதான்" என்கிறார். ஆனால் கடைசியில் எலைசா அவரிடமே திரும்பி வருகிறாளே? நன்றி என்று ஒன்று வேண்டாமா?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: உங்கள் மனைவி சொன்னது முழுக்கச் சரி என்று சொல்ல மாட்டேன். நசுங்கிய முட்டைக்கோஸ் இலையே என்றெல்லாம் நீங்கள் அந்தப் பெண்ணைத் திட்டியிருக்க மாட்டீர்கள். ஹிக்கின்ஸ் திட்டினார்.

படம் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. லண்டனில் காவென்ட் கார்டன் பக்கம் தெருவில் பூ விற்கும் எலைசாவின் காக்னிப் பேச்சை, அதாவது லண்டன் சாதாரண மக்களின் கொச்சைப் பேச்சை மாற்றி, ஆறு மாதத்தில் சீமாட்டியாக்கிக் காட்டுகிறேன் என்கிறார் ஒலியியல் பேராசிரியர் ஹிக்கின்ஸ். பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தை வைத்து 1956-இல் நியூயார்க்கின் நாடக அரங்குகளான பிராட்வேயில் வந்த இசை நாடகம் இது. 1964-இல் படமானது.

நீங்கள் கடைசிக் காட்சியைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் எலைசா முதன்முதலாக ஹிக்கின்ஸ் வீட்டுக்கு வரும் காட்சிக்குப் போகச் சொல்வேன். அவளை யாரும் தெருவிலிருந்து தூக்கி வரவில்லை. டாக்சி பிடித்து, தானே வருகிறாள். பாடம் வேண்டும், காசு கொடுத்துக் கற்றுக்கொள்கிறேன் என்கிறாள். பேரம் வேறு. அவளுடைய தோழி ஒருத்தி ஒரு பிரெஞ்சுக்காரரிடம் மணிக்குப் பதினெட்டு பென்ஸ் (ஒன்றரை ஷில்லிங்) கொடுத்து பிரெஞ்சு கற்கிறாள். என் சொந்த மொழியை எனக்கே சொல்லித்தர அவ்வளவு கேட்பீர்களா, ஒரு ஷில்லிங்தான் தருவேன் என்கிறாள். நாளுக்கு இரண்டரை ஷில்லிங் சம்பாதிக்கிறவள் ஒரு ஷில்லிங் தருகிறாள் என்றால் வருமானத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. ஹிக்கின்ஸே அந்தக் கணக்கைப் போட்டு அசந்துபோகிறார். அவள் கேட்டதும் சின்ன விஷயம்தான்: ஒரு பூக்கடையில் வேலை. இப்படிப் பேசினால் கடையில் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள், அவ்வளவுதான்.

அடுத்த சில நிமிடங்களில் அந்தப் பூக்கடை காணாமல் போகிறது. ஹிக்கின்ஸின் நண்பர் கர்னல் பிக்கரிங் ஒரு பந்தயம் கட்டுகிறார்: தூதரக விருந்தில் இவளைச் சீமாட்டி என்று நம்ப வைத்துவிட்டால் செலவு முழுக்க என்னுடையது. வாடிக்கையாளராக வந்தவள் இரண்டு பெரிய மனிதர்களின் பந்தயப் பொருளாகிவிட்டாள். உங்கள் வகுப்பில் அந்த வீடியோ செய்த வேலையும் இதுதான். அந்தப் பெண் கேட்டது வேலைக்கான ஆங்கிலம். அதை வாங்கிக்கொண்டார், கட்டணமும் கொடுத்தார். தன் பழைய பேச்சை ஊருக்குப் போட்டுக் காட்டுங்கள் என்று கேட்கவில்லையே?

ஹோட்டல் வரவேற்பில் நிற்கிறவருக்கு அந்த முதல் நாள் பேச்சு என்ன செய்யும் என்று யோசியுங்கள். கூட வேலை செய்கிறவர்கள் கையில் அது கிடைத்தால் போதும், கேலி பண்ணியே ஓட்டிவிடுவார்கள்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தவர் வீட்டு நிர்வாகி மிஸஸ் பியர்ஸ். பாட்டெல்லாம் அவருக்குப் பெரிதாகக் கிடையாது. ஆனால் பாடம் தொடங்கும் முன்பே, பாடம் முடிந்ததும் இந்தப் பெண் என்ன ஆவாள், கொஞ்சம் முன்னால் யோசிக்க வேண்டாமா என்று கேட்பவர் அவர்தான். ஹிக்கின்ஸ் காதில் வாங்குவதில்லை. விருந்து முடிந்து வீடு திரும்பிய இரவு, பிக்கரிங்கும் வேலைக்காரர்களும் 'யூ டிட் இட்' என்று ஹிக்கின்ஸைப் பாராட்டிப் பாடுகிறார்கள். ஆறு மாதம் வாயை வளைத்துப் பயிற்சி எடுத்தவள் ஓரமாக நிற்கிறாள், அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஹிக்கின்ஸ் மேல் அவள் செருப்பை எறிவது அதற்குப் பிறகுதான். அவளுடைய கோபத்துக்குள் ஒரு பிழைப்புக் கேள்வி இருக்கிறது: முன்பு பூ விற்றேன், இனி எதை விற்பேன்?

(இந்தப் படத்தில் ஆட்ரி ஹெப்பர்னுக்காகப் பெரும்பாலான பாடல்களைப் பாடியவர் மார்னி நிக்சன். திரையில் அவர் பெயர் போடப்படவில்லை. பேச்சையும் குரலையும் பற்றிய படத்திலேயே இந்தக் கதை!)

பேச்சை மாற்றியதால்தான் எல்லாம் நடந்தது என்று நினைத்தீர்கள் என்றால் எலைசாவின் அப்பா டூலிட்டிலைப் பாருங்கள். குப்பை வண்டிக்காரர். எதிர்பாராமல் பெரும் வருமானம் வருகிறது, ஒரே நாளில் மேல்தட்டு ஆள். அவர் உச்சரிப்பை யார் திருத்தினார்கள்? இன்னொரு பக்கம் எலைசா, குதிரைப் பந்தய மைதானத்தில் அட்சரசுத்தமான உச்சரிப்பில் பேசுகிறாள், ஆனால் பேசுகிற விஷயம் அத்தையை யாரோ தீர்த்துக்கட்டிவிட்டார்கள் என்பது. உங்கள் மாணவி வரவேற்பில் நின்று சமாளிக்கிறார் என்றால் அதில் நீங்கள் சொல்லித்தராத பலவும் இருக்கிறது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று, நூறு புடவையைப் பிரித்துப் போட்டுவிட்டுச் சிரித்த முகமாக அனுப்பி வைக்கிற பொறுமையை எந்த வகுப்பு தரும்?

சரி, அந்த முடிவு. எலைசா திரும்பி வருகிறாள், என் செருப்பு எங்கே என்கிறார் ஹிக்கின்ஸ், திரை விழுகிறது. இதை ஆதாரமாகக் காட்டாதீர்கள், எழுதியவரே ஒப்புக்கொள்ளாத முடிவு இது. 1914-இல் லண்டனில் 'பிக்மேலியன்' நாடகத்தில் ஹிக்கின்ஸாக நடித்த பியர்போம் ட்ரீ, கடைசியில் எலைசாவுக்குப் பூங்கொத்து வீசிக் காதல் சாயம் பூசினார். ஷா கொதித்துப்போனார். 1916-இல் நாடகத்தோடு நீண்ட பின்னுரை ஒன்றைச் சேர்த்து, எலைசா தன்னைக் காதலிக்கும் இளைஞன் ஃப்ரெடியைத் திருமணம் செய்துகொண்டு பூக்கடை நடத்துகிறாள் என்று எழுதியே வைத்தார். அதாவது முதல் நாள் கேட்டது கடைசியில் கிடைக்கிறது, தன் சொந்தக் கடையாகவே. ஹிக்கின்ஸ் வீட்டுக்கும் வந்துபோகிறாள், அவரோடு சண்டையும் போடுகிறாள். நாடகத்தை இசை நாடகமாக்க ஷா தன் வாழ்நாளில் சம்மதிக்கவில்லை. 1950-இல் அவர் இறந்த பிறகுதான் 'மை ஃபேர் லேடி' எடுத்தவர்கள் கைக்கு அது வந்தது.

நன்றி அந்தப் பெண்ணிடம் இருக்கலாம். வீடியோ இருக்கும்வரை அதை உங்களிடம் சொல்ல அவருக்கு வழியில்லை. இன்றே எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள், யாருக்காவது பகிர்ந்திருந்தால் அவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள். "எடுத்துவிட்டேன், உங்களைக் கேட்காமல் போட்டது தப்பு" என்று ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள். நான் எவ்வளவு உழைத்தேன் என்ற வரி அதில் வேண்டாம். பதில் வராவிட்டால் இரண்டாவது செய்தியும் வேண்டாம். அடுத்து சேருகிறவரிடம் இந்த ஆங்கிலம் எதற்காக வேண்டும் என்று முதல் நாளே கேட்டுச் சேர்க்கைப் படிவத்தில் எழுதி வையுங்கள். வீடியோ எடுப்பதானால் அதற்கும் தனியாகக் கையெழுத்து வாங்குங்கள். அப்புறம், மனைவியிடம் அந்தப் படத்தை இன்னொரு முறை போடச் சொல்லி, இந்தத் தடவை மிஸஸ் பியர்ஸைக் கவனியுங்கள்.